அம்மாவோடு ஐரோப்பாவுக்கு



ஐரோப்பாவுக்குப் போய்வந்தீர்களே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சக ஆசிரியர்களும் என் மாணவர்களின் பெற்றோர் சிலரும் பலமுறை கேட்டுவிட்டார்கள். 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பள்ளி விடுமுறையின்போது சென்ற பயணம் அது. எழுத அமரும்போதெல்லாம் கை தயங்கியது. ஐபெல் கோபுரத்தின் உயரத்தையும் சுவிட்சர்லாந்துப் பனிமலையின் குளிரையும் நான் எழுதித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. நான் சொல்ல நினைத்தது வேறு. அதைச் சொல்ல அம்மாவின் அனுமதி வேண்டியிருந்தது. சென்ற வாரம்தான் தந்தார். "எழுது. ஆனா பேரு ஒன்னும் போடாதே" என்றார். ஆகவே இதில் எங்கள் குடும்பத்தார் யாருடைய பெயரும் இராது.

நாங்கள் ஐவர். எழுபத்தேழு வயது அம்மா, நான், என் கணவர், அப்போது படிவம் நான்கில் படித்த மகள், நான்காம் ஆண்டில் படித்த மகன். லண்டனில் பணிபுரியும் என் தம்பி அங்கே எங்களோடு சேர்ந்துகொண்டான். ஒன்பது நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வகைச் சுற்றுலா வேண்டாம் என்பதில் என் கணவர் உறுதியாக இருந்தார். ரவாங்கில் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு தம்பதியர் அப்படிப் போய்வந்து, எந்தப் படம் எந்த நாட்டில் எடுத்தது என்று இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவரை விடியற்காலையில் எழுப்பிப் பேருந்தில் ஏற்றுவது பயணமாகாது. மூன்று நாடுகள் போதும் என்று முடிவு செய்தோம். இங்கிலாந்து, பிரான்சு, சுவிட்சர்லாந்து.

ஆனால் அம்மாவின் பயணம் அதற்கு வெகுகாலம் முன்னரே தொடங்கிவிட்டது.

அம்மா 1947இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 2007 முதல் அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அம்மா இன்னும் பழைய பெயரையே சொல்வார். அவர் பிறந்ததை யாரும் பதிவு செய்யவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அவருக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. அப்பாவுக்கு நீல அட்டை. தேர்தல் நாள்களில் அப்பா வெள்ளைச் சட்டை அணிந்து வாக்களிக்கப் போவார். அம்மா வாசலில் நின்று அனுப்பிவைப்பார். சிறுமியாக இருந்தபோது, வாக்களிப்பது ஆண்களின் வேலை என்றே நான் நினைத்திருந்தேன்.

2011இல் இந்தியர்களின் ஆவணச் சிக்கல்களைத் தீர்க்க மைடாஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடைபெற்றது. அப்போது அம்மாவுக்காக மனுச் செய்தோம். பிறகு எத்தனை படிவங்கள், எத்தனை சத்தியப் பிரமாணங்கள், அம்மாவை லயத்தில் பார்த்ததாகச் சாட்சி சொல்ல உயிரோடு இருக்கும் முதியவர்களைத் தேடி எத்தனை அலைச்சல் என்று எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். 2018இல் நீல அட்டை கைக்கு வந்தது. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில், எழுபத்தைந்து வயதில், அம்மா முதன்முறையாக வாக்களித்தார். மை பூசிய விரலை மூன்று நாள் கழுவாமல் வைத்திருந்தார். அடுத்த ஆண்டு கடப்பிதழ் எடுத்தோம். கைரேகை பதியும் இயந்திரம் அவருடைய கட்டைவிரலை முதலில் ஏற்கவே இல்லை. துடைத்துத் துடைத்து நான்காம் முறைதான் பதிந்தது. "பால் வெட்டுற கத்தியில ரேகை எல்லாம் எப்பவோ போயிருச்சு தம்பி" என்று பணியில் இருந்த மலாய் இளைஞரிடம் தமிழிலேயே சொன்னார். அவரும் என்ன புரிந்ததோ, தலையசைத்துச் சிரித்தார்.

கடப்பிதழ் வந்த அன்று, எங்கே போகலாம் என்று அம்மாவைக் கேட்டேன். பழனி, மதுரை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தொரைமாரு ஊரு எப்பிடி இருக்கும்னு ஒருக்கா பாக்கணும்" என்றார். எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைகளிடமும் பிறகு நம் நாட்டுத் துரைகளிடமும் அவர் வேலை செய்தவர். பன்னிரண்டு வயதில் கத்தி பிடித்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தது.

லண்டனில் முதல் நாள் காலை மழை. தம்பி வீட்டுச் சன்னலருகே நின்று அம்மா, "இன்னிக்கு வெட்டு இல்ல" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். மகன் என்னைப் பார்த்தான். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் மங்கில் விழாமல் பட்டையெல்லாம் பரவி வீணாகும், அன்று வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அந்நாளில் சம்பளமும் இல்லை என்று நான் விளக்கினேன். "அப்போது பாட்டிக்கு மழை பிடிக்காதா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், "சின்ன வயசுல பிடிக்கும். நீங்க பொறந்தப்புறம் பிடிக்கல" என்றார்.

அரண்மனை, பாலம், கடிகாரக் கோபுரம் எல்லாம் பார்த்தோம். பாராளுமன்றத்தின் முன்னே அம்மா படம் எடுத்துக்கொண்டார். அவற்றைக் கடந்து செல்கிறேன். மூன்றாம் நாள் தம்பி எங்களைக் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். போவோம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

காரணம் உண்டு. ரப்பரின் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றிக் கியூவுக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் முளைத்தவை 2,700 அளவே. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் தலைமை ஏற்று வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று கண்டவரிடமெல்லாம் விதைகளைத் திணித்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பட்டப்பெயர். நூறு வயது வாழ்ந்து 1956இல் கியூவிலேயே இறந்தார். மகிழுந்துச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. சிலாங்கூர்க் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். இத்தனையும் வகுப்பில் சொல்லத் தெரிந்த எனக்கு, ஒருநாளும் தோன்றாத ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கியூவில் பனைகளுக்கென்று ஒரு கண்ணாடி மாளிகை உள்ளது. இரும்பும் கண்ணாடியும் கொண்டு 1848இல் கட்டி முடித்தது. உள்ளே நுழைந்ததும் வெப்பமும் ஈரமும் முகத்தில் அறைந்தன. மூன்று நாளாகக் குளிராடைக்குள் ஒடுங்கியிருந்த அம்மா, அதைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டு, "மாப்ள, இதை வச்சுக்குங்க. இது நம்ம ஊரு" என்றார். வாழையும் கொக்கோவும் செம்பனையும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நின்றன. அவற்றிடையே ஒரு பால்மரம். பெயர்ப்பலகையை மகள் படிப்பதற்குள் அம்மா இலையைப் பார்த்துவிட்டார். ஒரு காம்பில் மூன்று இலை.

மரத்தின் அருகே போய்ப் பட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "வெட்டாத மரம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "கொடுத்து வச்ச மரம்" என்றார்.

மகன் விடவில்லை. எப்படி வெட்டுவது என்று காட்டச் சொன்னான். தொடக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னதால் அம்மா காற்றிலேயே காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வேண்டும்; பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் வலப்பக்கம் ஏறிச் செல்வதால் அப்படி வெட்டினால்தான் நிறைய குழாய்கள் அறுபடும். குழாய் என்ற சொல்லை அம்மா சொல்லவில்லை. "அதோட நரம்பு அந்தப் பக்கம் ஓடுது" என்றார். மெல்லிய சீவல் விழ வேண்டும். ஆழம் போனால் மரத்தில் காயம், காயத்தின் மேல் முண்டு, முண்டு விழுந்த இடத்தில் மறுபடி வெட்ட இயலாது, அதற்குக் கங்காணியின் வசவு. விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போக வேண்டும், ஏனெனில் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். நானூறு மரத்துக்கு மேல் வெட்டி முடித்து, திரும்ப வந்து மங்குகளில் இருக்கும் பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இருபுறமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து போய், எடை போட்டு, கிராணி புத்தகத்தில் எழுதினால்தான் அன்றைய வேலை முடியும். மறுநாள் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் வலக்கை மணிக்கட்டு தானாகவே திரும்பித் திரும்பி வந்தது. கத்தி இல்லை, மரத்தைத் தொடவும் இல்லை. மகள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தாள். அவ்வழியே வந்த, பூங்காவின் தொண்டர் சின்னம் அணிந்த ஒரு மூதாட்டி நின்று கவனித்தார். என்ன செய்கிறார் என்று மகளிடம் கேட்டார். என் பாட்டி நாற்பது ஆண்டு இந்த மரத்தில் பாலெடுத்தவர் என்று மகள் சொன்னாள். அந்த அம்மையார் கையை நீட்டி அம்மாவின் கையைப் பற்றிக் குலுக்கினார். ஏதோ நீளமாகச் சொன்னார். பல ஆண்டுகளாக வருவோருக்கு இந்த மரத்தைக் காட்டி வருகிறேன், வெட்டத் தெரிந்த ஒருவரைச் சந்திப்பது இதுவே முதல்முறை என்பது அதன் பொருள்.

அவர் போன பிறகு அம்மா மெதுவாகக் கேட்டார். "தொரைசானியா?"

"இல்லை அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியராம்."

"அப்பிடியா. கையி சொரசொரன்னு இருந்துச்சு. தோட்ட வேல செய்றவங்க போல."

எனக்குத் தோன்றாத ஒன்று என்றேனே, அது இதுதான். அம்மா பால் வெட்டிய இடம் ரவாங்கிலிருந்து மகிழுந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. என் பிள்ளைகள் ஒரு பால்மரத்தின் அருகே தம் பாட்டியோடு நின்றது லண்டனில்தான். வகுப்பில் விக்கம் பெயரும் ரிட்லி பெயரும் சொல்லும் நான், என் அம்மா வெட்டிய நிரைக்கு என்ன எண் என்று ஒருநாளும் கேட்டதில்லை. (பதினேழாம் நிரை. அன்று கேட்டுக்கொண்டேன்.)

லண்டனிலிருந்து பாரிசுக்குக் கடலடிச் சுரங்கத் தொடர்வண்டியில் சென்றோம். 1994இல் திறந்த, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். கடலுக்கடியில் போகிறோம் என்று மகன் சொன்னதை அம்மா நம்பவில்லை. ஜன்னலில் மீன் எங்கே என்று கேட்டு அவனை மடக்கிவிட்டார்.

பாரிசைப் பற்றி எனக்கொரு தனிக் கனவு இருந்தது. கோலசிலாங்கூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் பலருக்கே தெரியாத செய்தி இது. ஆன்றி ஃபோக்கோனியே என்று ஒரு பிரெஞ்சுக்காரர், பார்பெசியூ என்ற சிற்றூரில் 1879இல் பிறந்தவர், 1905இல் மலாயா வந்து கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் திறந்தார். பிறகு 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. தென்னமரம் என்ற பெயரைப் பாருங்கள், செம்பனை வந்த இடத்திற்குத் தமிழில் தென்னையின் பெயர்! அவர் நம் வட்டாரத்து வாழ்வை வைத்து எழுதிய மலேசி என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை நான் படித்திருக்கிறேன். சேன் ஆற்றங்கரைப் பழைய புத்தகப் பெட்டிகளில் பிரெஞ்சு மூலத்தைத் தேடி ஒரு மாலை முழுவதும் அலைந்தேன். கிடைக்கவில்லை. கணவர் பொறுமையிழந்து ஐபெல் கோபுரத்து விளக்குகளை நினைவூட்டினார். 1894ஆம் ஆண்டிலேயே ஈயச் சுரங்கத்தின் புண்ணியத்தில் மின்விளக்கு கண்ட ரவாங்கிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கு என்ன அதிசயம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அம்மா மட்டும் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார். "அதுல நம்ம ஆளுங்க வர்றாங்களா?"

"வருகிறார்கள் அம்மா. தமிழ்த் தொழிலாளர்கள் வருகிறார்கள்."

"என்ன செய்றாங்க?"

நான் யோசித்தேன். துரை பார்க்கிற தொலைவிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிவார்களோ அப்படித்தான் வருகிறார்கள். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "வேலை செய்கிறார்கள்" என்றேன். அம்மா சிரித்துவிட்டார்.

மறுநாள் லா சப்பேல் போனோம். பாரிசின் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகில் ஃபோபூர் சேன் தெனி வீதி முழுவதும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். 1980கள் முதல் இலங்கைப் போருக்குத் தப்பி வந்த தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு. 1985இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அருகில்தான். அம்மாவுக்கு ஐந்து நாளில் அப்போதுதான் முகம் தெளிந்தது. ஒரு காய்கறிக் கடையில் முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்து விலை கேட்டார். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும்.

"அம்மா எங்க இருந்து வாறியள்?"

"மலேசியாங்க."

"மலாயாவோ! எங்கட அம்மப்பா மலாயாவிலதான் வேலை செய்தவர். தோட்டத்துக் கந்தோரில கிளாக்கர். ஊரில எங்கட வீட்டை மலாயன் பென்சனியர் வீடெண்டுதான் சொல்லுவினம்."

அம்மாவின் கை முருங்கைக்காயோடு நின்றுவிட்டது. "அப்ப நீங்க கிராணியார் வீட்டுப் புள்ளையா?" என்று கேட்டார். குரலில் ஒரு மரியாதை தானாக ஏறியிருந்தது. எங்கள் தோட்டங்களில் கிராணி என்றால் சாதாரணமா? யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளுமே பெரும்பாலும் கிராணிகள். அவர்கள் வீட்டு வாசலில் செருப்போடு நிற்கமுடியாது. எடைத் தராசில் பாலின் கணக்கை எழுதும் பேனா அவர்களிடம் இருந்தது. அந்த மனிதர் கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே, கிழிந்த கையுறையோடு நின்று, "கிராணியோ, இப்ப நான் இஞ்ச மூட்டை தூக்கிற ஆள் அம்மா" என்று சிரித்தார். காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போக வேண்டுமாம். அம்மா உடனே, "நாங்க நாலு மணிக்கு எந்திரிப்போம்" என்றார். இருவரும் யார் முன்னால் எழுந்தவர் என்ற கணக்கில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். முருங்கைக்காய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். விடுதி அறையில் அதைச் சமைக்க வழியில்லை. அம்மா அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து வரை கொண்டுவந்தார்.

அன்று பிற்பகல் துய்லரி பூங்காவில் பிள்ளைகள் பனிக்கூழ் தின்றார்கள். ஒரு காலத்தில் அங்கே அரண்மனை இருந்தது என்பதோடு அந்த இடத்தை மறந்துவிட்டோம்.

லூசெர்ன் நகரில் இரண்டு இரவுகள். முதல் நாள் கணவரும் பிள்ளைகளும் தம்பியும் டிட்லிஸ் மலைக்குச் சென்றார்கள். 3,000 மீட்டருக்கு மேல் செல்லும் பயணம் அம்மாவுக்கு ஆகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அம்மாவும் நானும் ஏரிக்கரையில் அன்னங்களுக்கு முன்னே அமர்ந்திருந்தோம். பதினான்காம் நூற்றாண்டில் கட்டி, 1993இல் தீப்பற்றி, மறுபடி எழுப்பிய மரப்பாலத்தின் மேல் இருமுறை நடந்தோம். மாலையில் பிள்ளைகள் சுழலும் கம்பிவட ஊர்தியின் கதைகளோடும், பனியில் ஷாருக்கான் அட்டைப் படத்தோடு எடுத்த படங்களோடும் வந்தார்கள். பனி எப்படி இருந்தது என்று அம்மா கேட்டதற்கு, "ஐஸ் கச்சாங்கில் சீனிப்பாகு ஊற்றுவதற்கு முன்னால் இருக்குமே, அதுபோல" என்றான் மகன். இதைவிட நல்ல வருணனையை நான் எந்தப் பயண நூலிலும் படித்ததில்லை.

மறுநாள் காலை சிங்கச் சிலைக்குப் போனோம். ஒரு பாறை முகப்பைக் குடைந்து செதுக்கிய சிங்கம். பத்து மீட்டர் நீளம். விலாவில் முறிந்த ஈட்டி, தலை சாய்ந்து இறந்துகொண்டிருக்கிறது. முன்னே சிறு குளம். அம்மா குளக்கரை இருக்கையில் அமர்ந்தார். மகன் கைப்பேசியில் படித்துப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பிரெஞ்சு மன்னருக்குக் காவல் நிற்க இங்கிருந்து சம்பளத்துக்குப் போன சுவிஸ் வீரர்கள், 1792 ஆகஸ்டு 10ஆம் நாள் பாரிசில் துய்லரி அரண்மனையைக் காத்து நின்று கொல்லப்பட்டார்கள். "பாட்டி, நாம் பனிக்கூழ் சாப்பிட்டோமே, அந்த இடம்!" அவர்களுக்காக 1821இல் எழுப்பியது இது.

"சம்பளத்துக்குப் போனவங்களா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம் பாட்டி. இங்கே அப்போது வறுமை. வேலை இல்லாமல் வேறு நாட்டுக்குப் போனார்கள்."

"கூலிக்குப் போய்ச் செத்தவங்களுக்கா இம்மாம் பெரிய கல்லு?"

சிறிது நேரம் அமைதி. பிறகு, "பேரு எழுதியிருக்கா?" என்றார்.

சிங்கத்தின் கீழே எழுத்துகள் பொறித்திருந்தன. மகள் இறங்கிப் போய்ப் பார்த்துவந்தாள். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. படைவீரர்களுக்குப் பெயர் இல்லை. இறந்தவர் சுமார் 760 என்று உரோம எண்ணில் ஒரு கணக்கு மட்டும்.

"இங்கயும் பெரிய ஆளுக்குத்தான் பேரா" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அரிசி விலை ஏறிவிட்டது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு அவர் தம் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார்.

ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சயாமுக்கு அனுப்பியதை நாம் அறிவோம். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் அதை முடிப்பதற்குள் நோயாலும் பசியாலும் அடியாலும் மடிந்த மலாயாத் தமிழர்கள் பல்லாயிரவர். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. இதையும் நான் அறிவேன், படித்திருக்கிறேன், பள்ளியில் ஒருமுறை பேசியும் இருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்தே ஒருவர் போனார் என்பது, நாற்பத்தாறு வயதில், லூசெர்ன் குளக்கரையில்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவின் அப்பாவுக்கு மூத்தவர் அவர். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, மூன்று மாத வேலை, அரிசியும் சம்பளமும் உண்டு என்று சொல்லி லாரியில் ஏற்றினார்களாம். தம்பியை ஏற்றப் பார்த்தபோது, இவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவர் தாம் ஏறிக்கொண்டார். அந்தத் தம்பிதான் என் தாத்தா. அம்மா பிறந்ததே அதற்கு நான்கைந்து ஆண்டு கழித்து. அப்பாயி சாகும்வரை தீபாவளிக்கு ஒரு வேட்டி கூடுதலாக வாங்கி வைத்திருந்தாராம். வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். சயாமுக்குப் போனவர் என்பார்கள், அவ்வளவுதான்.

"ஏன் அம்மா இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை?"

"நீ கேக்கல. நானும் என்னத்தச் சொல்றது? அவரு போகாட்டி நாம இல்ல. அதைச் சொல்லி உன்னைப் படிக்கச் சொல்லணுமா?"

அவர் பெயர் என்ன என்று மகன் கேட்டான். அம்மா சொன்னார். உரக்கச் சொன்னார் என்று சொல்லமுடியாது. பக்கத்தில் ஒரு சீனச் சுற்றுலாக் குழு படம் எடுத்துக்கொண்டிருந்தது. மகனுக்குச் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி கேட்டான், மறுபடி சொன்னார். நான் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் எழுந்து போய், யாருக்கும் வேண்டாத காப்பியை ஐந்து குவளை வாங்கி வந்தார்.

அன்று மாலை சூரிக்கிலிருந்து புறப்பட்டோம். வானூர்தி நிலையத்தில் முருங்கைக்காயைக் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னபோதுதான் பயணத்தில் முதன்முறையாக அம்மா என்மேல் சினந்தார்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், என் மகன் ஒரு வெள்ளை அட்டையோடு அம்மாவின் அறைக்குப் போனான். முதலாம் ஆண்டிலிருந்தே பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்கிறோம். நானே எத்தனையோ வகுப்புகளில் அந்தப் பயிற்சித்தாளைக் கொடுத்திருக்கிறேன். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, நான். மேலே இரண்டு கிளை, கீழே ஒரு கிளை, ஐந்தாறு கட்டங்கள். அதில் இடம் போதவில்லை என்று அவன் தானே பெரிய அட்டை வாங்கியிருந்தான். நான் கதவருகே நின்று பார்த்தேன். தாத்தாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்து பெயரை எழுதினான். அடியில் பிறப்பு, இறப்பு என்று இரண்டு கோடு. பிறந்த ஆண்டு அம்மாவுக்குத் தெரியவில்லை. இறந்த ஆண்டும் தெரியவில்லை.

"ஊரு போடலாமா பாட்டி?"

"போடு. சயாம்னு போடு."

அவன் சியாம் என்று எழுதினான். ஆசிரியர் புத்தி, நான் திருத்தப் போனேன்.

"இருக்கட்டும் விடு" என்றார் அம்மா.